சரோஜாவுக்கு எப்போதும் முப்பத்தெட்டு

பொன்னாடையின் ஜரிகை பிடரியில் குத்திக்கொண்டே இருக்கிறது. கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் போர்த்திய தாளாளர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார், மனிதர் தப்பாக எடுத்துக்கொண்டால் என்ன செய்வது, ஓய்வு பெறுகிற அன்றைக்கா ஒருத்தர் மனதைச் சங்கடப்படுத்த வேண்டும், குத்தினால் குத்தட்டும். நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு போட்டிருக்கிறார்கள். மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஏன் இந்தத் துண்டு, நாங்கள் மட்டும்தான் வியர்ப்போமா, இத்தனை வருஷம் வடிவமைப்பு சொல்லிக்கொடுத்தும் இந்தத் துண்டுக்கு எனக்கு ஒரு காரணம் பிடிபடவில்லை. கார்குழலி மைக்கைத் தட்டிப் பார்க்கிறாள். என் பழைய மாணவி, இப்போது துறைத் தலைவி, நாளை முதல் என் அறைச் சாவியும் அவளிடம்தான். "நம் பேராசிரியர் தெய்வநாயகம் அவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை" என்கிறாள், சொல்லிவிட்டு அறிமுகத்தை ஆரம்பிக்கிறாள், தேவையில்லை என்றால் உட்கார்ந்துவிட வேண்டியதுதானே அம்மா. கையில் தாள்கள் கொஞ்சம் தடிமனாகவே இருக்கின்றன. நல்லது, வாசி, நிறுத்தி நிதானமாக வாசி, இன்றைக்கு மட்டும் நீ எவ்வளவு நேரம் வாசித்தாலும் எனக்குச் சம்மதம், ஏனென்றால் நீ முடித்ததும் என் வலது பக்கம் வெல்வெட் துணி போட்டு மூடியிருக்கிற அந்தப் பெரிய திரையைத் திறப்பார்கள். துணியின் கீழ்விளிம்பில் வெளிச்சம் கசிகிறது. உள்ளே சரோஜா காத்திருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம்தான் சொன்னாள் கார்குழலி, கதவைத் தட்டாமல் வந்து, முகமெல்லாம் பூரிப்பாக. "சார், உங்களுக்கு ஒரு பரிசு வச்சிருக்கோம். சரோஜாவைப் பேச வச்சுட்டோம்." எப்படி என்றேன். "நீங்க எழுதுனது, ஒவ்வொரு பேட்சும் எழுதுனது, எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துட்டோம் சார். இனிமே கேட்டா அவங்களே பதில் சொல்வாங்க. முதல் கேள்வி நீங்கதான் கேக்கணும்." சிரித்தேன் போலிருக்கிறது, அவள் சந்தோஷமாகப் போனாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சரோஜா சரோஜா என்று இவர்கள் எல்லாரும் சொல்கிறார்களே, அது என் மனைவி ஆவுடை. செத்துப்போன என் மனைவி. இந்த மண்டபத்தில் என்னைத் தவிர ஒருத்தருக்கும் அது தெரியாது.

"எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்து" என்று வாசிக்கிறாள். என் அப்பா பாளையங்கோட்டையில் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொடுத்தார், எங்களுக்கு வயலும் இல்லை வரப்பும் இல்லை, ஆனால் மேடைக்கு விவசாயக் குடும்பம்தான் எடுப்பாக இருக்கும் போல, இருந்துவிட்டுப் போகட்டும். "எழுத்தறிவுப் பாடநூல்களுக்கு எழுத்துரு வரைந்ததில் தொடங்கி, தொடுதிரைகள், கைபேசிச் செயலிகள் என்று, டிஜிட்டல் மாற்றம் சமூக மாற்றமாக..." வாக்கியம் வளைந்து வளைந்து போகிறது. எழுத்து வரைந்தது நிஜம். விரலில் மை இருந்த காலம் அது, ழகரத்தின் காலை எங்கே நிறுத்துவது என்று ஒரு ராத்திரி முழுக்க யோசிக்கிற பைத்தியம் இருந்தது. அப்புறம்தான் திரைகள் வந்தன. தாலுகா ஆபீசில் ஒரு பெட்டி வைப்பார்கள், ஜனங்கள் அதைத் தொட்டு வருமானச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம், வரிசை வேண்டாம், புரோக்கர் வேண்டாம், அதன் முகப்பைச் செய்து கொடுங்கள் என்று கேட்டார்கள். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எதைச் செய்வதற்கு முன்னாலும், அதைப் பயன்படுத்தப்போகிற ஒரு ஆளை உட்கார்ந்து எழுதுவோம். மாதிரி ஆள் என்று பெயர். அவருக்குப் பெயர் வைப்போம், வயது, தொழில், ஆசை, பயம், அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம், கூடவே ஒரு படம். பல வீடு ஏறி இறங்கி, பல பேரிடம் பேசி, எல்லாரையும் கலந்து ஒருத்தரைச் செய்ய வேண்டும், நிஜமான ஒரே ஆளை அப்படியே தூக்கி வைத்துவிடக் கூடாது, அது எங்கள் பாலபாடம், நானே போர்டில் எழுதிப் போட்டு அடிக்கோடு இழுத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குக் கலெக்டர் ஆபீசில் மறுநாளே கூட்டம், வீடு ஏற ஏது நேரம். திரையைக் காகிதத்தில் வரைந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன், அடுப்படியில் ஆவுடை இருந்தாள், அவள் முன்னால் நீட்டினேன், அவள் ஏதோ சொன்னாள், எழுதிக்கொண்டேன். பக்கத்து வீட்டில் யாரோ சரோஜா, சரோஜா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அந்தப் பெயரையே வைத்தேன். சரோஜா, வயது முப்பத்தெட்டு, இல்லத்தரசி. பயம்: இயந்திரங்கள். அடிக்கடி சொல்வது: "எங்க அமுக்கணும்னு நீங்களே சொல்லிருங்க." பக்கவாட்டில் அவளை வரைந்தேன், நீலச் சேலை, தோளில் துணிப்பை, அந்த மூக்கு. கூட்டத்தில் கலெக்டருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பிடித்துப்போனதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதற்கப்புறம் எதைச் செய்தாலும் "சரோஜாவுக்குப் புரியுமா?" என்பதே கேள்வியாகிவிட்டது. கரண்ட் பில் கட்டுகிற செயலி, ரேஷன் கடை மெஷின், பஸ் டிக்கெட், கூட்டுறவு வங்கி, எல்லாம் சரோஜாவிடம் பாஸாக வேண்டும். புதிதாகச் சேர்கிற ஒவ்வொரு பேட்சும் முதல் பருவத்தில் சரோஜாவுக்கு ஒரு பக்கம் எழுதிச் சேர்க்க வேண்டும், நான்தான் அப்படி வைத்தேன், வழக்கமாகவே ஆகிவிட்டது. சரோஜா சந்தைக்குப் போகிறாள், சரோஜாவுக்குக் கண்ணாடி போட்டார்கள், சரோஜா மகளிர் குழுவில் சேர்ந்தாள். ஒரு பேட்ச் அவளுக்குச் சுடிதார் மாட்டிவிட்டது, அடுத்த பேட்ச் சண்டை போட்டுச் சேலைக்குக் கொண்டுவந்தது, ஆனால் துணிப்பை திரும்பி வரவில்லை, மூக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கிவிட்டது. வயதை மட்டும் யாரும் தொடவில்லை. ஆவுடைக்கு நாற்பதாயிற்று, நாற்பத்தைந்தாயிற்று, நரையை எடுத்து உள்ளே செருகிக்கொண்டாள், முழங்கால் வலி என்றாள், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தலை வலிக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை, மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் திரும்பக் கல்லூரிக்கு வந்தபோது, துறைச் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் சரோஜா முப்பத்தெட்டிலேயே இருந்தாள். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அவளைப் பார்த்ததும் உயிர் வந்தது. ஆள் போனாலும் இவள் இருக்கிறாளே என்று. வகுப்பில் நின்றுகொண்டு சரோஜா இப்படிச் சொல்வாள், சரோஜா இதைப் பார்த்தால் முகத்தைச் சுளிப்பாள் என்று சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது, ஒரு நாளில் இத்தனை தடவை அவளைப் பற்றிப் பேச வேறு எந்தப் புருஷனுக்குக் கிடைக்கும், மாணவர்கள் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள். கார்குழலி அப்போது முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கையைத் தூக்கினாள். "சார், சரோஜா நிஜமான ஆளா சார்?" சட்டென்று சொன்னேன். "இல்லம்மா. நாற்பது பேரைக் கலந்து செஞ்சது." பாலபாடத்தை மீறினேன் என்று எப்படிச் சொல்வது, இல்லை, அது இல்லை காரணம், சொல்லியிருந்தால் எல்லாரும் எழுந்து நின்று மௌனமாக இருந்துவிட்டு அவளைச் சுவரிலிருந்து எடுத்திருப்பார்கள்.

கைதட்டுகிறார்கள். வாசிப்பு ஹெல்சிங்கி வரைக்கும் போயிருக்கும். ஆமாம், ஹெல்சிங்கியில்தான் அது நடந்தது. அங்கே ஒரு மாநாட்டில் சரோஜாவைப் பற்றிப் பேசிக்கொண்டு வரும்போது, "கடைக்காரர்னா என் முகத்தைப் பாத்து நடந்துக்கிடுவாரு, இந்த மெஷினுக்கு என் முகம் தெரியாதுலா" என்று ஆவுடை சொன்னதைச் சொன்னேன், சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெள்ளைக்காரர்கள் எல்லாரும் உருகிப்போனார்கள். ஊருக்குத் திரும்பிப் பழைய கோப்புகளைத் தூசி தட்டும்போது அந்த வாக்கியம் ஒரு பையன் எழுதிய பயிற்சிக் கட்டுரையில் கிடந்தது, தர்மபுரிக்காரப் பையன், பத்துக்கு ஆறு போட்டிருக்கிறேன். அப்படியானால் நான் யாருக்காக அழுதேன், பயிற்சிக் கட்டுரைக்கா. அன்றைக்குப் பிடித்த பயம் இது. அதற்குப் பிறகு ஆவுடை சொன்னது என்று எது மனதில் வந்தாலும் உடனே இன்னொரு குரல் கேட்கிறது, இது அவள் சொன்னதா, எந்த பேட்ச் எழுதியது? மழை பெய்தால் ஜன்னலைச் சாத்தாமல் நின்று பார்ப்பாள், அது அவளா சரோஜாவா? கணக்குப் போட்டால் விரலை மடக்கி உதட்டில் வைப்பாள், யார்? ஒரு தடவை கல்லூரி ஆண்டு விழாவுக்கு அவளைக் கூட்டி வந்திருந்தேன், வாசலில் சரோஜா படத்தைப் பெரிதாக ஒட்டியிருந்தார்கள், நின்று பார்த்தாள், "இது யாரு, மூக்கு என்னைய மாதிரி இருக்கு" என்றாள், கற்பனை ஆள் என்றேன், "கற்பனைன்னா நல்ல சேலையாக் கட்டி விட்டிருக்கலாம்லா" என்றாள். சொன்னாள்தானே? அன்றைக்கு அவள் வந்தாளா, அல்லது சரோஜா தன் படத்தையே பார்த்தால் என்ன சொல்வாள் என்று ஒரு வருஷம் பயிற்சி கொடுத்தேனே, அதில் எவளோ ஒருத்தி கெட்டிக்காரத்தனமாக எழுதியதா? கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் வேறு ஆள் கிடையாது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இருந்திருந்தால், அம்மா இப்படிச் சொல்லுவாளா என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், அதற்காகவாவது ஒரு பிள்ளை இருந்திருக்கலாம்.

தாளாளர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்துகிறார். முகம் எப்படியோ இருக்கிறது போல. "ஏசி போதலீங்களா சார்?" என்று காதருகே கேட்கிறார், நல்ல மனிதர். "இல்லீங்க, சரியா இருக்கு." மூடியைத் திருக முடியவில்லை, விரல் வழுக்குகிறது, இந்த மூடியை வடிவமைத்தவனுக்கு வயதான அப்பா இல்லை போலிருக்கிறது. ஆவுடையின் குரல்தான் எனக்கு வேண்டும். முகம் வேண்டாம், முகம் கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு, எந்தப் போட்டோவிலும் சரியாக ஃபிளாஷ் அடிக்கும்போது மூடிவிடுவாள். குரல் போய்விட்டது. போன வருஷம் வரை இருந்தது, இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே என்னங்க என்று அவள் கூப்பிடுவதைக் காதுக்குள் கூப்பிட்டுப் பார்த்தேன், வந்தது என் குரல். வகுப்பில் சரோஜா மாதிரி பேசிக் காட்டுவேனே, அந்தக் குரல். தாலுகா தாலுகாவாகப் போய் எத்தனை பேர் குரலைப் பதிவு செய்திருப்பேன், மீன்காரி, தபால்காரர், பால் சொசைட்டிச் செயலாளர், பேர் தெரியாதவர்கள் குரலெல்லாம் கல்லூரி நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது, வீட்டில் இருந்தவளுக்கு நேராக ஒரு நாளும் கருவியை நீட்டவில்லை. எதற்கு நீட்ட வேண்டும், அவள்தான் எப்போதும் இருக்கிறாளே. ஒரே ஒரு கேசட்டில், ஒரு தையல்காரரை எங்கள் வீட்டு முன்னறையில் உட்காரவைத்துப் பேசியது, அதில் நடுவே குக்கர் சத்தம் வருகிறது, அதற்குப் பின்னால் யாரோ இருமுகிறார்கள். அது அவள்தான். அந்த இருமலைப் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறேன். இருமலில் திருநெல்வேலி இருக்குமா என்ன, இருந்தாலும் கேட்டிருக்கிறேன்.

"பேராசிரியர் அவர்களின் கருணை மிகுந்த வடிவமைப்பு..." கருணையாம். தாள் இன்னும் இரண்டு மூன்றுதான் பாக்கி போலிருக்கிறது. என்ன கேட்பது. எதையாவது பொதுவாகக் கேட்டு, சபாஷ் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம், சரோஜா, புதிய ஓய்வூதியச் செயலி எப்படி இருக்கிறது என்கிற மாதிரி. ஆனால் நேற்று ராத்திரியெல்லாம் புத்தி அதிலேயே நின்றது, அந்தப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் போட்டிருக்கிறார்கள் என்றால் நான் எழுதிய முதல் பக்கமும் உள்ளே கிடக்கும், அன்றைக்கு நான் எழுதியது அவள் வாயிலிருந்து வந்தது, அப்படியானால் இத்தனை பேர் எழுதிக் குவித்ததற்கு அடியில், கிணற்றில் விழுந்த குடம் மாதிரி, அவளுடைய சொல் ஒன்றாவது இருக்கத்தானே செய்யும். சரியான கேள்வியைக் கேட்டால் மேலே வருமோ. வந்து, ஆவுடை மாதிரியே ஒரு பதில் சொல்லிவிட்டால்? நான் வீட்டுக்குப் போகமாட்டேன். ஓய்வாவது ஒன்றாவது, தினமும் காலையில் வந்து அந்தத் திரை முன்னால் உட்கார்ந்துவிடுவேன், கார்குழலி என்னைக் கையைப் பிடித்துத்தான் வெளியே கொண்டுபோய் விட வேண்டியிருக்கும். அப்படி ஒன்றும் வராவிட்டால்? அப்போது எல்லாம் முடிந்தது. நான் சுவரில் வைத்துக் காப்பாற்றியதாக நினைத்தவளை நான்தான் கரைத்துவிட்டேன் என்று ஆகும். ஆவுடையை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாருக்கும் கொடுத்து, எனக்கு ஒன்றும் இல்லாமல் செய்துகொண்டேன் என்று ஆகும். இரண்டில் எது பயங்கரம் என்று எனக்கே தெரியவில்லை. அவள் வேண்டும். ஒரு வார்த்தை போதும், அவளுடையதுதான் என்று சத்தியம் செய்யக்கூடிய ஒரு வார்த்தை, திட்டாக இருந்தாலும் சரி, திட்டாகவே இருக்கட்டும்.

கைதட்டல். பெரிய கைதட்டல். முடித்துவிட்டாளா, இல்லை, "இதோ நம் எல்லாருடைய சரோஜா" என்கிறாள், இரண்டு மாணவிகள் வெல்வெட் துணியை இழுக்கிறார்கள், ஒரு பக்கம் சிக்கிக்கொள்கிறது, மறுபடி இழுக்கிறார்கள். வந்துவிட்டாள். நீலச் சேலை. மூக்கு இல்லை, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் எல்லாருக்கும் பிடித்த ஒரு மூக்கு. கண்ணை மூடவில்லை, மூடாமல் நேராகப் பார்க்கிறாள், ஆவுடை யாரையும் இப்படி நேராகப் பார்த்ததில்லை, கொஞ்சம் பக்கவாட்டில்தான் பார்ப்பாள். கையில் மைக்கைத் திணிக்கிறார்கள். எழுந்தபோது பொன்னாடை வழுக்கி விழுந்தது, விழட்டும். "சார், கேளுங்க சார்" என்கிறாள் கார்குழலி, அவள் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, பாவம், அவளுக்கு என்மேல் நிஜமான பாசம். யோசித்து வைத்த எல்லாமே மறந்துபோய், வாய் தன்பாட்டுக்குக் கேட்டுவிட்டது, "சாப்பிட்டாச்சா?" கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது. திரை லேசாக மின்னுகிறது. "வணக்கம் ஐயா! நான் சரோஜா. நீங்க விசாரிச்சதுக்கு ரொம்ப நன்றி. எங்க வீட்ல இன்னைக்குச் சாம்பார் சாதம். நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?" நல்ல குரல், செய்தி வாசிப்பவள் குரல், சுத்தமாக, தேய்த்துக் கழுவியது மாதிரி. கைதட்டுகிறார்கள். நன்றியா? சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு எந்த வீட்டில் புருஷனுக்கு நன்றி சொல்வார்கள்? இல்லை, இன்னும் ஒன்று, அடியில் கிடக்கும் என்று சொன்னேனே, முதல் பக்கம், முதல் பக்கத்திலிருந்து கேட்கிறேன்.

"மெஷினைப் பாத்தா உனக்குப் பயமா இருக்கா?" இப்போது யாரும் சிரிக்கவில்லை, இது அவர்களுக்குத் தெரிந்த கேள்வி, பாடத்தில் இருக்கிறது. சரோஜா தலையைக் கொஞ்சம் சாய்க்கிறாள், அதையும் யாரோ வடிவமைத்திருக்கிறார்கள். "ஆமா ஐயா, கொஞ்சம் பயந்தான். எங்க அமுக்கணும்னு நீங்களே சொல்லிருங்க." சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாள். மண்டபம் முழுக்க அந்த வாக்கியத்தைக் கூடவே சொல்கிறது, எல்லாருக்கும் மனப்பாடம், எல்லாரும் அதே இடத்தில் நிறுத்துகிறார்கள். நான் காத்திருக்கிறேன். எதற்குக் காத்திருக்கிறேன் என்று தெரியவில்லை, ஆனால் வாக்கியம் முடியவில்லை, மாடிப்படியில் இன்னொரு படி இருக்கிறது என்று காலைத் தூக்கிவிட்ட மாதிரி நிற்கிறேன், சொல்லு, மீதியையும் சொல்லு, "சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு மூச்சு விடாமல் இன்னும் ஏதோ உண்டு, அவள் அங்கே நிறுத்தவில்லை, அவள் கை நிற்கவேயில்லை, கத்தி நகர்ந்துகொண்டிருந்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது, முழங்கையால் துடைத்துக்கொண்டாள், முறத்தில் ஒரு குவியல், சின்ன வெங்காயம், எங்கள் ஊரில் உள்ளி என்போம், மறுநாள் அவள் தங்கை வீட்டு ஆட்கள் வருகிறார்கள், தேங்காய் வறுத்து அரைத்து உள்ளி போட்ட தீயல் குழம்பு வைக்க வேண்டும், நான் காகிதத்தை அவள் மூக்குக்கு நேரே நீட்டி எங்கே தொடுவாய் சொல்லு, எங்கே தொடுவாய் சொல்லு என்று நச்சரிக்கிறேன், அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எங்க அமுக்கணும்னு நீங்களே சொல்லிருங்க, எனக்கு உள்ளி உரிக்கக் கிடக்கு."

உள்ளி உரிக்கக் கிடக்கு. இதை எந்த பேட்சும் எழுதவில்லை. எழுத முடியாது. நான்தான் அதை வெட்டிவிட்டேனே, காகிதத்தில் இடம் பத்தவில்லை, தேவையில்லாத பாதி என்று விட்டுவிட்டேன், அதனால் அது எந்தக் கோப்பிலும் போகவில்லை, எந்தச் சுவரிலும் ஏறவில்லை, எந்தப் பெட்டிக்குள்ளும் விழவில்லை, யார் கையும் படாமல் அப்படியே கிடந்திருக்கிறது. பயமாம் பயம். அவளுக்கு வேலை கிடந்தது, அவ்வளவுதான். குரல் வந்துவிட்டது. கொஞ்சம் கரகரப்பு, வாக்கியத்தின் முடிவில் மேலே ஏறி நிற்கிற அந்த ராகம், வெங்காயத்தால் அடைத்துக்கொண்ட மூக்கு. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் வருகிறது, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வருகிறது, கூட்டுறவு வங்கிச் செயலியைப் பெருமையாக அவளிடம் காட்டினேனே, இனிமேல் நீ வெயிலில் பேங்குக்குப் போக வேண்டாம் என்று, சடசடவென்று தொட்டு முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தாள், "நல்லாத்தான் செஞ்சிருக்கிய. ஆனா எனக்கு வேண்டாம்." ஏன், பயமா என்றேன். "பயம் என்ன பயம்? வெள்ளிக்கிழமை பேங்குக்குப் போனா மங்களத்தப் பாப்பேன், நாலு கதை பேசுவேன், வார வழியில ஒரு லைம் சோடா குடிப்பேன். இந்த டப்பாக்குள்ள லைம் சோடா வருமா? சொல்லுங்க." நான் அன்றைக்குக் குறிப்பில் தயக்கம் என்று எழுதினேன். வேண்டாம் என்று எழுத எங்கள் தாளில் கட்டம் இல்லை, தெரியாது, புரியாது, பயம், இவ்வளவுக்குத்தான் கட்டம். அட, அந்தச் சேலை! அதுவும் அவள்தான், சத்தியமாக அவள்தான், அந்தக் குரலில் இப்போது கேட்கிறதே, நல்ல சேலையாக் கட்டி விட்டிருக்கலாம்லா. ஆண்டு விழாவுக்கு வந்திருந்தாள், என் பக்கத்தில் நின்றாள், பச்சைப் பட்டு, என் கையைக் கிள்ளினாள்.

"சார்?" என்று கார்குழலி மெதுவாகக் கூப்பிடுகிறாள். ரொம்ப நேரம் நின்றுவிட்டேன் போல. கன்னம் ஈரமாக இருக்கிறது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. தாளாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நிற்கிறார். திரையில் இருப்பவள் இன்னும் நேராக, ஆசையாக, சலிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, நல்ல பெண், இந்தப் பிள்ளைகள் எல்லாரும் கூடிப் பெற்றவள், இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும். ஆவுடை இவளிடம் இல்லை. ஒரு துளி இல்லை. எனக்குச் சிரிப்பு வருகிறது. "ஐயா, நான் உங்களுக்கு வேறு ஏதாவது உதவி செய்யட்டுமா?" என்று கேட்கிறாள் சரோஜா. மைக்கை வாயருகே கொண்டுபோகிறேன். நாக்கில் இத்தனை வருஷமாக இல்லாத ஊர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "வேண்டாம்மா. எனக்கு உள்ளி உரிக்கக் கிடக்கு." மண்டபம் ஒன்றும் புரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறது, திரை மினுக்கி மினுக்கி யோசிக்கிறது. "மன்னிக்கவும் ஐயா. எனக்குப் புரியவில்லை. தயவுசெய்து மீண்டும் ஒரு முறை சொல்லுங்கள்."

மீண்டும் ஒரு முறை சொல்கிறேன்.